மூடியை அளக்காத அலமாரி

பிள்ளைகளே, இன்று நம் அலமாரிக்காகப் பெண்ணாடத்து ஆசாரி பக்கப் பலகையில் வரிசையாகத் துளை போட்டார். அந்த மரத்தூள் வாசனை என்னைப் பழைய வீட்டுக்கு இழுத்துப் போய்விட்டது. அங்கே மரத்தூளும் அப்பா சட்டையின் களிமண்ணும் கலந்து மணக்கும்.

உங்கள் தாத்தாவுக்கு அப்போது பீங்கான் சூளையில் வேலை. என் அம்மாவுக்கென்று ஓர் ஊறுகாய் ஜாடி செய்தார். அது சூளைக்குப் போகும் முன்பே, அதை வைக்க ஓர் அலமாரியும் செய்தார். ஈர ஜாடியை அளந்து, வேகும்போது சுருங்குவதைக் கழித்து, தட்டுகளை ஆணியடித்து இறுக்கினார். "ஒரு நூலு தப்பாது பாரு" என்றார்.

ஜாடி கச்சிதமாக உள்ளே போனது. அம்மா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சூளையில் மூடியைத் தனியாகத்தான் வேக வைப்பார்கள். அப்பா அதை அளக்கவே இல்லை.

"ஏங்க, ஊறுகாய்க்கு மூடி வேணாமா?" என்று அம்மா சிரித்தார். "தட்ட கொஞ்சம் மேல ஏத்துங்களேன்."

"ஆணியப் புடுங்குனா பலக பொளந்துடும். ஞாயித்துக்கிழம பாத்துக்கலாம்."

அந்த ஞாயிறு வரவே இல்லை. ஜாடி தரையில் ஒரு மூலையில் இருந்தது. இடுப்பு வலியோடு குனிந்து குனிந்தே ஊறுகாய் எடுத்த அம்மா, கடைசி வரை மறுபடி கேட்கவில்லை.

இன்று தாத்தா அந்தத் துளைகளை விரலால் தடவினார். "இது எதுக்குப்பா?"

"தட்டத் தாங்குற குச்சிக்குங்க பெரியவரே. வேணுங்கிற ஒசரத்துக்கு மாத்திக்கலாம்."

"போட எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ஒரு டீ குடிக்கிற நேரந்தாங்க."

தாத்தா விரலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"அவ ஒரு வாட்டிதான் கேட்டா" என்றார்.