நெஞ்சு வருத்தம்

சேலைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ, அதற்குள் மகனுடைய சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. மாமியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய முகமில்லை, அந்தக் கால்கள்தான். பாரிசின் லா சப்பல் நடைபாதையில் அவை இரண்டு கடை தாண்டும், நிற்கும். இன்னும் இரண்டு கடை தாண்டும், மறுபடி நிற்கும். அந்த ஷூவை வாங்கச் சொல்லி நச்சரித்தவளே நான்தான். தெருமுனையில் நின்றுகொண்டு, "வாங்க மாமி, வாங்க, நகைக்கடை எங்கயும் ஓடிப் போயிடாது" என்று கூப்பிடுவேன். கூட வந்த பெண்கள் சிரிப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சங்கிலிகளைப் பார்ப்பதுபோல் நின்ற மாமியும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மீதே எரிச்சல் வருகிறது.

எண்பதுகளின் பிற்பகுதி அது. நான் புதுச்சேரியில் பிறந்தவள், பாரிசில் செவிலியர் படிப்பை முடித்தவள். லா சப்பலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவ நிலையத்தில் வேலை. எங்கள் புதுச்சேரிக்காரர்கள் அதைத் திஸ்பான்சேர் என்பார்கள். தமிழ்க் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த காலம். சண்டையிலிருந்து தப்பி வந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், வழி கிடைத்தவுடன் தங்கள் அம்மாக்களையும் வரவழைத்தார்கள். அந்த அம்மாக்கள் எங்களிடம் வந்தார்கள். தூக்கமில்லை, தலையிடி, கால் உளைச்சல், பசியில்லை. டாக்டருக்கு ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் நான் மொழிபெயர்க்க வேண்டும், அவர் கேட்க வேண்டும், எழுத வேண்டும். முடிவில் எல்லோருக்கும் ஒரே தூக்க மாத்திரை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடல் தாண்டி வந்து, நாலாவது மாடியில் ஒரு ஜன்னலுக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் மனுஷிக்கு மாத்திரை என்ன செய்யும்? முழு மனுஷியைப் பார்க்காமல் தலையிடியை மட்டும் பார்த்தால் எப்படி?

ஆகவே நானே ஒன்றைத் தொடங்கினேன். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, நிலையத்தின் பின் அறையில், வயதான பெண்களுக்கு ஒரு வகுப்பு. ஆறு ஏழு பேர் வருவார்கள். என்ன சாப்பிட்டீர்கள், எப்படித் தூங்கினீர்கள், இந்த வாரம் வீட்டுக்கு வெளியே யாரோடு பேசினீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்பேன். மூச்சுப் பயிற்சி செய்வோம். டிக்கெட் வாங்கவும் வழி கேட்கவும் சில பிரெஞ்சு வார்த்தைகள் படிப்போம். பிறகு கால்வாய்வரை நடந்து திரும்புவோம். வரும் வழியில் லா சப்பல் மெத்ரோ நிலையத்தின் படிகளில் எல்லோரையும் ஏற வைப்பேன். "படி ஏறினா பாரம் இறங்கும்" என்பது என் வாக்கு. யாரும் சொல்லித் தந்ததில்லை, நானே கட்டியது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. கர்வம் என்ன, நிறையவே இருந்தது. சில பெண்கள் உண்மையாகவே தேறினார்கள். மாத்திரையை விட்டுத் தூங்கினார்கள், தனியாகக் கடைக்குப் போனார்கள். அதனால் என் தலை இன்னும் கொஞ்சம் கனத்தது.

அவர்கள் என்னை "மிஸி" என்றார்கள். இரண்டு பிள்ளை பெற்றவளை மிஸ் என்கிறார்களே என்று முதலில் கோபம். அவர்கள் நாட்டில் நர்சம்மாக்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவர்களுக்குள் மூத்தவரை எல்லோரும் "மாமி" என்றார்கள். எங்கள் பக்கத்தில் மாமி என்றால் ஐயர் வீட்டு அம்மாதான் நினைவுக்கு வருவார். இந்த மாமியோ கருவாட்டுக் குழம்பைப் பற்றி அரைமணி நேரம் பேசக்கூடியவர். நானும் மாமி என்றே கூப்பிடப் பழகினேன். அவர்களுடைய தமிழில் நான் முதலில் திணறினேன். கதைக்கிறது என்றால் பேசுவது, வெளிக்கிடுவது என்றால் கிளம்புவது, கெதியாய் என்றால் சீக்கிரம், குளிசை என்றால் மாத்திரை. ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். தெரியாத சொல்லைத்தானே நாம் கேட்போம். தெரிந்த சொல்லை யார் கேட்கிறார்கள்?

மாமி வகுப்புக்கு வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என்ன பிரச்சினை என்று கேட்டேன். வலது கையை மார்பில் வைத்தார்.

"எனக்கு நெஞ்சு வருத்தம், மிஸி. எங்கடை குடும்பத்திலை எல்லாருக்கும் இருக்கு. அவரும் அதாலைதான் போனவர்."

வீட்டை இழந்து, ஊரை இழந்து, துக்கத்திலேயே புருஷனையும் இழந்த குடும்பம் என்று நினைத்தேன். மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "வருத்தப்படாதீங்க மாமி. மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டிருந்தா உடம்புக்குத்தான் கேடு. வியாழக்கிழமை தவறாம வாங்க, எல்லாம் சரியாப் போயிடும்."

"ஓம், ஓம். நீங்கள் சொன்னாச் சரி."

அவருடைய கோப்பில் பிரெஞ்சில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: துக்கம், குடும்பத்தில் அனைவருக்கும். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, என் பிரெஞ்சைத்தான் நம்பினார். அதைப் படித்துவிட்டு, வகுப்பு நடத்துங்கள், நல்லது என்றார். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அந்த வயதில் யாருக்குத்தான் இல்லை என்று விட்டுவிட்டோம்.

மாமி ஒரு வியாழனும் தவறவில்லை. மழை பெய்தாலும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பார். "வருத்தம் எப்படி இருக்கு மாமி?" என்று கேட்பேன். "நடக்கேக்கை கூடுது மிஸி, இருந்தாக் குறையுது" என்பார். ஆமாம், நடக்கும்போது ஊர் நினைவு வரும், உட்கார்ந்து நாலு பேரோடு பேசினால் குறையும். இதுகூடத் தெரியாதா எனக்கு? என் கணவர் என்னை முந்திரிக்கொட்டை என்பார். யார் பேசினாலும் வாக்கியத்தை அவர்களுக்கு முன்னால் நான் முடித்துவிடுவேனாம். மாமியின் வாக்கியங்கள் அத்தனையையும் நானே முடித்து வைத்தேன். நாலு மாதம் அப்படிப் போயிற்று.

குளிர் கூடிய ஒரு வியாழக்கிழமை, மெத்ரோ படிகளில் பாதி ஏறியதும் மாமி உட்கார்ந்துவிட்டார். நான் மேலே இருந்து, "இன்னும் எட்டுப் படிதான் மாமி" என்று கத்தினேன். அவர் நிமிரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். அந்தக் காற்றில் நெற்றியெல்லாம் வேர்வை, உதடு சாம்பல் நிறம், இடது கை மடியில் கல்லாகக் கிடந்தது. அந்த ஒரு நொடியில்தான் செவிலியர் பள்ளியில் படித்ததெல்லாம் எனக்குத் திரும்பி வந்தது. பாரிசில் அவசரத்துக்கு ஆம்புலன்சோடு வருவது தீயணைப்புக்காரர்கள்தான், அவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

மகன் உணவகச் சமையலறையிலிருந்து ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். என்மீது அவருக்குக் கோபம் இல்லை, குழப்பம்தான்.

"கொழும்பிலை இருக்கேக்கை அம்மாவுக்கு நெஞ்சு வருத்தத்துக்குக் குளிசை குடுத்தவை, மிஸி. அது முடிஞ்சு போச்சு. இஞ்சை வேறை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகவோ எண்டு கேட்டனான். தேவையில்லை, மிஸியிட்டைச் சொல்லிப்போட்டன், அவ பாக்கிறா எண்டவ."

"வருத்தம்னா... மனசு கஷ்டம்னுதானே சொன்னாங்க?" என்றேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இல்லை மிஸி. வருத்தம் எண்டா வருத்தம்தான். காய்ச்சலும் வருத்தம், சலரோகமும் வருத்தம்."

நோய். அவர்களுக்கு வருத்தம் என்றால் நோய். குடும்பம் முழுவதற்கும் இருதய நோய், கணவர் இறந்ததும் அதனால்தான், நடந்தால் கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது. எந்த டாக்டரும் கேட்க ஆசைப்படும் அளவுக்குத் தெளிவாக, முதல் நாளே மாமி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றது நகை பார்க்க இல்லை, வலி அடங்கத்தான். ஒரு பிரெஞ்சுக்காரி மார்பில் கைவைத்து மூச்சு வாங்கியிருந்தால் அந்த நிமிடமே டாக்டரை இழுத்து வந்திருப்பேன். தமிழச்சி தமிழில் சொன்னதால் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி டாக்டர் எங்கள் கோப்பைப் புரட்டினார். இது ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று கேட்டார். நான் பிரெஞ்சில், மொழிச் சிக்கல் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போனார். இரண்டு தமிழ்ப் பெண்களுக்கு நடுவே என்ன மொழிச் சிக்கல் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் விளக்கத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது, பயமாக இருந்தது.

பிறகு விஷயம் தெரிந்த ஒன்றிரண்டு பேர், யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள். யானை சறுக்கினால் யானைக்குத்தான் அடிபடும். இங்கே சறுக்கியது நான், விழுந்தது மாமி. இப்போது லா சப்பல் கடைக் கண்ணாடிகளில் மூத்த பெண்களுக்கான முழுநலப் பயிற்சி என்று வண்ண வண்ணமாக ஒட்டியிருக்கிறார்கள். நடத்தும் பிள்ளைகள் சிலர் என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். முழு மனுஷியைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் சொல்வதை முழுதாகக் கேளுங்கள் என்றேன். மரியாதைக்குக் குறித்துக்கொண்டார்கள். முப்பதுகளில் எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் குறித்திருப்பேன்.

மாமி பிழைத்துக்கொண்டார். ஆனால் இருதயத்தில் பாதி போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். இனிப் படியும் இல்லை, நடையும் இல்லை. வார்டுக்கு மாற்றிய பிறகு பார்க்கப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், உங்களை இந்தக் கதிக்கு ஆளாக்கியது நான்தான் என்று. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மெலிந்த கையைப் பிடித்தவுடன் மனப்பாடம் எல்லாம் மறந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து வாயில் இருக்கும் சொல்தான் வந்தது.

"எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு மாமி."

மாமி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "ஐயோ, உங்களுக்குமோ? எப்ப துடக்கம்? டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ?"

என்னை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொன்னார். தன் கிளாசில் இருந்த தண்ணீரை எனக்கு நீட்டி, குடிக்கச் சொன்னார். சின்ன வயது, கவனமாக இருக்க வேண்டும், கனக்க நடந்து திரியக் கூடாது என்று எனக்குப் புத்தி சொன்னார். நான் தண்ணீரைக் குடித்தேன். இல்லை மாமி, நான் சொன்னது வேறு என்று திருத்த ஒரு நிமிடம் போதும். திருத்தினால் அதற்கு அடுத்த வாக்கியத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். காலிக் கிளாசை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மாமி, பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் மகன் எடுத்த வீட்டோடு இருந்துவிட்டார். இரண்டு குளிர்காலம் இருந்தார். வியாழக்கிழமைகளில் நிலையத்துக்குத் தொலைபேசி எடுப்பார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "உங்கடை வருத்தம் இப்ப எப்பிடி, மிஸி?" என்றுதான் முதல் கேள்வி. "பரவாயில்லை மாமி" என்பேன். ஒவ்வொரு வாரமும் இந்த வாரம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், ஒவ்வொரு வாரமும் பரவாயில்லை என்றேன்.

அவர் இறந்ததைச் சொல்ல மகன் நேரில் வந்தார். கதவருகே நின்று, "அம்மா கடைசிக் கிழமையும் உங்கடை வருத்தத்தைத்தான் கேட்டவ. சுகமாக்கிப் போட்டீங்களோ?" என்றார்.

பிழை என்னுடையது என்று அன்றே சொல்லியிருக்கலாம். பிழை என்ற சொல்லுக்கு இரண்டு ஊரிலும் ஒரே பொருள்தான்.