ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

நூற்றெண்பத்திரண்டு. தரையிலிருந்து கிரேன் அறைக்கு அத்தனை ஏணிப்படிகள். மேலே ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், சுற்றிலும் கண்ணாடி. கழிப்பறை கிடையாது. அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

கிரேன்காரருக்கு வயது நாற்பத்தாறு. கட்டுமான இடத்தில் எல்லாருக்கும் அவர் "கழுகு". மூன்று வருடம் முன்பே ரத்தக்கொதிப்பு என்று சொல்லி, தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் அடிக்கடி சிறுநீர் வரும். இறங்கி ஏற முக்கால் மணி நேரம். அதுவரை கீழே அறுபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மேஸ்திரி மட்டும் வாயைக் கட்ட மாட்டார். கழுகு வழி கண்டுபிடித்தார்: வேலை நாளில் மாத்திரை இல்லை, ஞாயிறு மட்டும். வருடாந்தரப் பரிசோதனை வந்தால் மூன்று வாரம் லீவு போட்டு ஒழுங்காக விழுங்குவார். தகுதி முத்திரை விழும்.

மனைவி கேட்டால், "தலவலியா, மயக்கமா? கல்லு மாதிரி இருக்கேன்டி" என்பார்.

இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காமலே இதயம், சிறுநீரகம், கண், மூளை என்று எல்லாவற்றையும் அரிக்கும். தோழர்களே, வலி வரட்டும் என்று காத்திருப்பது கரையானுக்குக் காவல் இருப்பது.

ஒரு செவ்வாய், காலை பதினொரு மணி. கொக்கியில் இரண்டு டன் கம்பிக்கட்டு, அஸ்திவாரக் குழியைக் கடந்துகொண்டிருந்தது. குழிக்குள் நாலு பேர். அப்போதுதான் கழுகின் இடக்கை செத்தது. கிரேனைத் திருப்புவது இடக்கை; இறக்குவது வலக்கை. கட்டு குழிக்கு நேர் மேலே நின்று ஆடியது. கொக்கி இரண்டாகத் தெரிந்தது.

கீழே சைகை காட்டுபவன் மனைவியின் தம்பி. வாக்கிடாக்கியில் கத்தினான்: "என்ன மாமா, தூங்கிட்டியா? அக்கா ராத்திரி பூரா திட்டுச்சா?"

சொன்னால் கிரேன் போய்விடும். இருபது வருட வேலை. கழுகு வாக்கிடாக்கி பட்டனை அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார்.

"மாப்ள, ஆளுங்கள வெளிய ஏத்து."

"ஏன் மாமா?"

"கை வரல. கொக்கி ரெண்டாத் தெரியுது. நான் மாத்திரை போடுறதில்லடா."

சிரிப்பு நின்றது. விசில் கேட்டது. ஒருவர், இருவர், மூவர் ஏறினார்கள். நாலாமவர் விட்ட செருப்பைத் தேடினார்.

"செருப்பு கெடக்குதுய்யா, ஏறு! ... மாமா, குழி காலி. நீ பாக்காத, நான் சொல்றதக் கேளு. இறக்கு. மெதுவா. இன்னும். இன்னும். ஆட்டம் நிக்கட்டும்... இப்ப இறக்கு. வச்சிட்ட மாமா. கையை எடு."

கழுகு நாற்காலியிலேயே சரிந்தார்.

தூக்குப் படுக்கையில் கட்டி இறக்கினார்கள். மூச்சு இருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆம்புலன்ஸ் செவிலியர் வலது கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார், அளவை உரக்கப் படித்தார்.

இருநூற்றுப் பதினெட்டுக்கு நூற்றிருபத்தாறு.