கழுத்தைப் பற்றிய வகுப்பு

அர்லீன் ஹூக்ஸ்ட்ராவிடம் நான் ஒன்பது வருடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். நல்ல முதலாளி என்று சொல்ல மாட்டேன். காத்திருப்பவர்கள் முன்னாலேயே, "உன் காதுல என்ன மார்லா, சோளம் முளைச்சிருக்கா?" என்று கேட்பாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள்தான். ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அவள் டாக்டர், அவளுக்கு நான் நீ.

எங்கள் ஊர் ஹாலம், அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. அவளுடைய அப்பா பன்றி வளர்த்தவர். தீவனத் தொட்டிகளைத் தூக்கித் தூக்கி முதுகு போனவர். மாதத்துக்கு ஒருமுறை அவரை, எலும்புக்கு நெட்டி எடுத்து வலி போக்கும் பக்கத்து ஊர் கைரோபிராக்டரிடம் அழைத்துப் போவது அர்லீனின் வேலை. நான்கு காலில் தவழ்வதைப் போல உள்ளே போகிற மனிதர் நிமிர்ந்து நடந்து வருவதைப் பார்த்தவள், வேறு எந்தப் படிப்பையும் யோசிக்கவில்லை. டேவன்போர்ட்டில் அதற்கென்று இருந்த கல்லூரிக்குப் போய்ப் படித்தாள். அங்கே ஆண்கள் அவளிடம், "உன் கைக்குக் கோழிக் கழுத்துதான் அசையும்" என்றார்களாம். சொன்னவர்களில் ஒருவனைக் குப்புறப் படுக்கவைத்து நெட்டி எடுத்ததில் அவன் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. இதை அவளே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

கடைத்தெருவில் மூடிக்கிடந்த செருப்புக் கடையை வாங்கி மருத்துவமனை ஆக்கினாள். கல்யாணம் ஒன்று செய்து, அது நிலைக்காமல் போய், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முப்பது வருடம் சுற்றுவட்டாரத்து முதுகெலும்புகளெல்லாம் அவள் கையில்தான் இருந்தன. திட்டிக்கொண்டேதான் வைத்தியம் பார்ப்பாள். சனங்களுக்கு அது பிடித்திருந்தது.

கடைசி நான்கு வருடம் பிரென்ட் லுட்கே என்று ஒரு இளையவன் கூட்டாளியாக இருந்தான். நல்ல உடை, நல்ல பேச்சு. நோயாளியிடம் ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்வான். அர்லீனுக்கு அது தாங்காது. அவன் அறைக் கதவைத் திறந்து, உள்ளே படுத்திருப்பவர் காதுபடவே, "இவன் ஜவுளிக்கடையில நிக்க வேண்டிய ஆளு. வழி தவறி இங்க வந்துட்டான்" என்பாள். அவன் சிரிப்பான். ஆனால் அவள் அறைக்குள் அவன் தட்டாமல் நுழையக் கூடாது. ஒருமுறை நுழைந்ததற்கு அவள் போட்ட சத்தம் தெருவரை கேட்டது.

விதைப்புக்கு முந்தைய வாரம் ராண்டி ஓபர்மான் வந்தார். பன்றிப் பண்ணைக்காரர், பல வருடமாக வருகிறவர். கம்பிக் கதவைத் தூக்கும்போது கழுத்தில் பிடித்துக்கொண்டது என்றார். அன்று நாற்காலிகள் போதாமல் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் உள்ளே போய் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, திரும்பி வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டார். பணம் கொடுக்கக் கையை எடுத்தார். கை சட்டைப்பைக்குப் போகவில்லை. "டெப்பைக் கூப்பிடு" என்று அவர் தன் மனைவியைக் கேட்டது எனக்குப் பாதிதான் புரிந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

மூளைக்கு ஏறும் ரத்தக்குழாய் கழுத்தில் ஏற்கெனவே கிழிந்திருந்தது என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். கழுத்துக்கு நெட்டி எடுத்ததில் அது முழுவதும் போய்விட்டது. ராண்டி பிழைத்தார். இடது காலும் கையும் பழைய நிலைக்கு வரவில்லை. பண்ணையை அவர் மைத்துனன் வாங்கிக்கொண்டான்.

உரிமக் குழு அர்லீனின் லைசென்ஸைப் பிடுங்கவில்லை. எழுத்தில் கண்டித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதற்காக எல்லோரும் படிக்கிற தொடர்கல்வி வகுப்புகள் போக, கழுத்து வைத்தியத்தின் ஆபத்துகள் பற்றிய முழுநாள் வகுப்பு ஒன்றுக்கும் அவள் நேரில் போய் உட்கார வேண்டும். கணினியில் பார்த்தால் செல்லாது. அடுத்த வருடம் ஜூன் மாத முடிவுக்குள் முடிக்க வேண்டும்.

அதற்குள் பிரென்ட் போய்விட்டான். நோயாளிகளும் குறைந்துவிட்டார்கள். "உன்னை வெச்சு என்ன பண்றது?" என்று ஒரு நாள் அர்லீன் கேட்டாள். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. கைரோபிராக்டர்கள் சங்கத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வகுப்பு நடக்கும் கூடத்தின் வாசலில் நின்று, உள்ளே வருகிறவர்கள், வெளியே போகிறவர்கள் கழுத்தில் தொங்கும் அட்டையைக் கருவியில் காட்டிப் பதிய வேண்டும். நடுவில் எழுந்து போனவர்களுக்கு அந்த வகுப்பு கணக்கில் ஏறாது.

மே மாதத்தில் அர்லீன் எனக்குப் போன் செய்தாள்.

"அந்தக் கழுத்து வகுப்பு. எடுக்கறது யாருன்னு பார்த்தியா?"

"பார்த்தேன், டாக்டர்."

"வேற யாரும் எடுக்கலையா?"

"ஜூனுக்குள்ள இது ஒண்ணுதான்."

"சரி, பேரை எழுது" என்று வைத்துவிட்டாள்.

டெ மாய்ன் நகரில் நெடுஞ்சாலையோர ஓட்டல் ஒன்றின் கூடத்தில் வகுப்பு நடந்தது. கூடம் நிறைந்திருந்தது. அர்லீன் பின்வரிசையில் உட்கார்ந்தாள். வகுப்பு எடுக்க வந்திருந்த பிரென்ட் சட்டைக் காலரில் சின்ன ஒலிவாங்கியைச் செருகிக்கொண்டு மேடையில் உலாவினான். முதலில் படங்கள், ரத்தக்குழாய்கள், எண்கள். பிறகு, "இப்ப ஒரு உண்மைக் கதை சொல்றேன். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம்" என்றான்.

சொல்லச் சொல்ல அது ராண்டியின் கதை என்று தெரிந்தது. பன்றிப் பண்ணைக்காரர். கம்பிக் கதவு. நின்றுகொண்டிருக்கும் கூட்டம்.

"அந்த மனுஷன் வாயைத் திறந்து சொல்றாரு. 'டாக்டரம்மா, காலையிலிருந்து தலை சுத்துது, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது.' இந்த அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?" பிரென்ட் இடுப்பில் கை வைத்தான். தோளைத் தூக்கி, குரலைக் கரகரப்பாக்கினான். "'உன் பொண்டாட்டியையும் ரெண்டா பார்த்தியா? அப்ப உனக்கு வாழ்வுதான். படு.'"

கூடமே சிரித்தது. அவன் நடித்தது அப்படியே அர்லீன். அவளைத் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பி, அவள் இருப்பதைப் பார்த்து, முன்னால் திரும்பிக்கொண்டார்கள். திரும்பிய பிறகும் சிலருடைய தோள்கள் குலுங்கின.

அவள் எழுந்தாள். கைப்பையை மாட்டிக்கொண்டு சுவரோரமாக என்னிடம் வந்தாள்.

"கதவைத் திற."

"இப்ப வெளிய போனா காலை வகுப்பு முழுக்கப் போயிடும், டாக்டர்."

"போனா போகட்டும்."

"அப்புறம் லைசென்ஸும் போகும்."

என் கையிலிருந்த கருவியையே பார்த்தாள். அப்போது மேடையிலிருந்து பிரென்டின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "பின்னாடி என்ன மார்லா? யாருக்காவது தலை சுத்துதா?"

மறுபடி சிரிப்பு. அர்லீன் வந்த வழியே திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மதியம் பன்றித் தொடைக்கறியும் பாலில் வெந்த உருளைக்கிழங்கும். நானும் அர்லீனும் ஒரு மேசை. வேறு யாரும் வரவில்லை. பிறகு ஒரு சின்னப் பெண் தட்டோடு வந்து, "இங்க உட்காரலாமா?" என்றாள். பெயர் காய்லா. போன வருடம்தான் படிப்பை முடித்தவள். யாரையும் தெரியாது. அர்லீனின் அட்டை பெயர் தெரியாமல் பின்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

"அந்த அம்மா மேல எனக்கு இரக்கமே வரல" என்றாள் காய்லா. "ஆளு வாய்விட்டுச் சொல்றாரு. முதல் வருஷத்துலயே சொல்லித் தர்ற விஷயம். அவளுக்குக் காது கேக்காதா?"

"கேட்டிருக்கும்" என்றாள் அர்லீன், கறியை வெட்டியபடி.

"அப்புறம் ஏன் செஞ்சாளாம்?"

"வெளிய கூட்டம் நின்னா, உள்ள இருக்கறவன் சொல்றது பாதிதான் மண்டையில ஏறும்."

"இதெல்லாம் ஒரு சாக்கா? இன்னும் தொழில் பண்ணிட்டுத்தான் இருப்பா. எங்கம்மா தெரியாம அவகிட்டப் போய்ப் படுத்தாங்கன்னா?"

"போக வேண்டாம்னு சொல்லு."

"பேரைச் சொன்னாத்தானே சொல்ல முடியும்" என்றாள் காய்லா. அர்லீன் கறியை மென்றுகொண்டிருந்தாள். காய்லாவுக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. மதியத்துக்கு மேல் பின்வரிசைக்கே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிற்பகல் வகுப்பு இருவர் இருவராகச் செய்யும் பயிற்சி. ஒருவர் நோயாளி, மற்றவர் வைத்தியர். கழுத்தைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, பார்க்க வேண்டியதைப் பார்க்க வேண்டும். ஜோடி சேராதவர்களுக்கு வகுப்பு கணக்கில் ஏறாது. நாற்காலிகள் இழுபட்டுக்கொண்டிருந்தபோது முன்வரிசைப் பெண் ஒருத்தி குனிந்து காய்லாவின் காதில் ஏதோ சொன்னாள். காய்லாவின் முகம் சிவந்தது. எழுந்து முன்னால் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, அர்லீனைப் பார்க்காமலே, மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

எல்லோரும் ஜோடி சேர்ந்தாயிற்று. அர்லீன் மட்டும் நின்றாள்.

"டாக்டர் ஹூக்ஸ்ட்ரா, நீங்க என்கூட வாங்க" என்றான் பிரென்ட். "எல்லாருக்கும் செஞ்சு காட்டின மாதிரியும் இருக்கும்."

மேடையில் ஒரு வைத்தியக் கட்டில் இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் ஒலிவாங்கி திறந்தே இருந்தது.

"நீங்க நோயாளி. சொல்லுங்கம்மா, என்ன தொந்தரவு?"

"கழுத்து வலி."

"வேற ஏதாவது?"

அவள் கூட்டத்தைப் பார்த்தாள்.

"மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு அவசரமில்ல. வெளிய யாரும் நிக்கல."

கூடத்தில் எல்லோரும் தங்கள் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தலை சுத்துது" என்றாள் அர்லீன்.

"அப்ப நான் உங்க கழுத்தைத் தொடவே மாட்டேன்" என்றான் பிரென்ட், கூட்டத்தைப் பார்த்து. பிறகு தன் விரலை நீட்டி, அதன் நுனியைத் தொட்டுவிட்டு அவள் மூக்கைத் தொடும்படி அவளிடம் சொன்னான். அவள் கை நடுங்கியது. "பாருங்க, நடுக்கம் இருக்கு. இதெல்லாம் கண்ணுல படணும்." சிலர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு சின்னத் தேர்வு. காலையில் சொன்ன கதையில் வைத்தியர் செய்த முதல் தவறு எது என்று ஒரு கேள்வி. அர்லீன் எல்லாவற்றுக்கும் சரியாகவே பதில் எழுதியிருந்தாள். வாசலில் அட்டையை நீட்டினாள்.

"எல்லாம் ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு, டாக்டர்."

என்னைத் தன் வண்டியில் ஊருக்கு அழைத்துப்போவதாகக் காலையிலேயே சொல்லியிருந்தாள். நாங்கள் வண்டியிடம் போகும்போது பிரென்ட் பின்னாலேயே வந்தான்.

"மனசுல வெச்சுக்காதீங்க. உங்க பேரை நான் எங்கயுமே சொல்லல."

அர்லீன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நான் ராண்டிகிட்டச் சொன்னது ஒரு வார்த்தைகூட மாறல. பக்கத்து அறையில இருந்தியா?"

"இருந்தேன்."

"அவன் சொன்னதும் கேட்டுச்சா? தலை சுத்துதுன்னு?"

"கேட்டுச்சு."

"அது என்னன்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமே. வந்து என் கையைப் பிடிச்சிருக்கலாமே, பிரென்ட்."

அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. "உங்க அறைக்குள்ள தட்டாம நுழைஞ்சா என்ன ஆகும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே."

அவள் வண்டிக்குள் ஏறினாள். ஹாலம் வந்து என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, "வியாழக்கிழமைகள்ல வர்றியா? முன்னாடி உட்கார ஆளில்ல" என்றாள். வருகிறேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

லைசென்ஸ் புதுப்பித்து வந்தது. நோயாளிகள் கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டும் என்பது விதி. மாட்டினாள். வருகிறவர்கள் கிழவர்கள்தான், அதுவும் மோட்டார் ஓட்டி வேறு ஊருக்குப் போக முடியாதவர்கள். யாரையும் அவள் இப்போது திட்டுவதில்லை. "முன்னெல்லாம் நல்லா இருந்துச்சு" என்று என்னிடம் ஒரு கிழவர் குறைப்பட்டுக்கொண்டார்.

அக்டோபரில், சோள அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வியாழக்கிழமை ராண்டி ஓபர்மான் தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். டெப் வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இழுத்து இழுத்து நடந்து இடுப்பு போச்சு" என்றார் என்னிடம். இப்போது அவர் பேச்சு புரியும், மெதுவாக வரும். "இருக்காளா?"

அர்லீன் அறை வாசலுக்கு வந்துவிட்டாள். "ராண்டி, நீ வேற யார்கிட்டயாவது போறது நல்லது."

"வேற யார் இருக்கா? லைசென்ஸ் கொடுத்துட்டாங்களாமே. பாரு."

அறைக்கதவை அவள் மூடவில்லை. அதற்குப் பிறகு யாருக்குமே மூடுவதில்லை. ரத்த அழுத்தம் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள், சிலதை இரண்டு தரம். ராண்டி பொறுமையாகப் பதில் சொன்னார். எல்லாம் முடிந்து அவர் குப்புறப் படுத்த பிறகு, கட்டிலின் துளைக்குள் முகத்தை வைத்தபடி, சாதாரணமாகக் கேட்டார்.

"அன்னைக்கும் இவ்வளவு நேரம் எடுத்திருந்தா என்ன, அர்லீன்?"

அவர் இடுப்பில் கை வைத்த அர்லீன் வைத்தபடியே நின்றாள்.

"செய், செய்" என்றார் ராண்டி. "நிறுத்தாத. வலிக்குது."

இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். தேவாலயத்தில் இதைப் பற்றி நல்லவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். மன்னிப்பு என்கிறார்கள். கதவு திறந்திருப்பதால் உள்ளே பேசுவது எனக்குக் கேட்கும். ஒவ்வொரு முறையும் படுத்த பிறகு ஏதாவது ஒன்று சொல்வார். மகன் கல்யாணத்தில் ஆட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. மைத்துனன் பன்றிகளைச் சரியாகப் பார்க்காதது. பொத்தானை டெப் போட்டுவிடுவது. கோபமே இல்லாத குரலில் சொல்வார். அர்லீன் பதில் பேசாமல் வேலையைச் செய்வாள். முடிந்ததும் அவரைத் தூக்கி உட்காரவைத்து, சட்டையை மாட்டிவிட்டு, குனிந்து ஷூக் கயிற்றைக் கட்டிவிடுவாள்.

"அடுத்த வியாழன் இல்ல, அதுக்கடுத்ததுக்கும் அடுத்தது" என்பார் என்னிடம், தடியை வாங்கிக்கொண்டு. நான் எழுதிக்கொள்வேன்.