ஆடு தின்ற சுண்டுவிரல்

என் சித்தப்பாவின் வலதுகைச் சுண்டுவிரலை ஒரு வெள்ளாடு தின்றுவிட்டதாகச் சின்ன வயதில் ஒரு பகல் பூராவும் நம்பியிருக்கிறேன். சிரிக்காதீர்கள், என்னிடம் ஆதாரம் இருந்தது.

சித்தப்பா திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் அரத்தால் சாவி ராவுகிறவர். எண்பதுகளில் ஒரு கோடையில் தகடு அழுத்தும் மெஷினில் அவர் கை சிக்கிக்கொண்டது. கட்டுப் பிரித்தபோது ஐந்து விரலும் சீப்பு வாழைக்காய் மாதிரி விறைத்து நின்றன. அரம் பிடிக்க முடியாத கைக்குப் பட்டறையில் என்ன வேலை? எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார். சித்தி சோறு ஊட்டினால் தட்டைத் தள்ளிவிடுவார். தூக்கமும் கிடையாது.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர், தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை மடிக்க உட்கார்ந்தார். நகத்தால் நீவுவார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். ஏச்சு நின்றது. மூச்சு மட்டும் சீராகக் கேட்டது. ஒரு வெறும் தாளுக்குள்ளிருந்து அலகும் சிறகுமாக ஒரு குருவி எழுந்து வந்ததைப் பார்த்து நான் வாயை மூட மறந்தேன்.

ஜன்னலில் ஐந்து குருவிகள் சேர்ந்தன. ஒன்று தடியாக, ஒன்று துளியூண்டாக. கையைப் பார்த்தேன், குருவிகளைப் பார்த்தேன். புரிந்துபோயிற்று: விரல்களின் உயிரைக் குருவிகளுக்குள் பத்திரப்படுத்துகிறார்! அதற்கேற்ப நாலு விரல்கள் லேசாக அசையத் தொடங்கின. சுண்டுவிரல்தான் பாக்கி.

அந்தத் துளியூண்டு குருவியைக் காற்று சந்தில் தள்ளியது. பக்கத்து வீட்டு பாய், மகள் கல்யாண பிரியாணிக்காக அங்கே கட்டியிருந்த ஆடு, தேதி கிழமை பார்க்காமல் அதை மென்று விழுங்கிவிட்டது.

சாயங்காலம் பாய் கத்தியைத் தீட்டும் சத்தம் கேட்டதும் ஓடினேன்.

"பாய், அறுக்காதீங்க! அது வயித்துல எங்க சித்தப்பா விரல் கெடக்கு!"

"ஏலே அப்பு, மெதுவாப் பேசு! மாப்பிள்ள வீட்டாளுக காதுல விழுந்தா ஒரு பய கை நனைக்க மாட்டான்!"

சத்தம் கேட்டு வந்த சித்தப்பா கையை விரித்துக் காட்டினார். "எண்ணிக்கங்க பாய். அஞ்சும் இருக்கு."

"இருக்கு, அந்தச் சின்னது மடங்கலையே!" என்று நான் விம்மினேன். சித்தப்பா விரலையே பார்த்தார்.

"பாய், ஒரு தாள் குடுங்க."

பாய் தன் வீட்டுக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துத் தந்தார். சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்து மடித்தார். கத்தி சும்மா கிடந்தது. ஆடுகூடக் கத்தவில்லை. கடைசியில் அலகை மடிக்கும்போது தாள் நழுவப் பார்த்தது. அந்தச் சுண்டுவிரல், யாரையும் கேட்காமல், மெல்ல வளைந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டது.

விஷயம் இவ்வளவுதான்: விறைத்த விரல் இளகவும், கொதிக்கிற மனசு அடங்கவும் தினமும் தாள் மடிக்கச் சொல்லியிருந்தார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. ஜன்னலில் ஐந்துக்கு மேல் இடமில்லை, அதனால் ஐந்து குருவி.

மறுநாள் கல்யாண விருந்தில் ஒவ்வொரு கறித்துண்டையும் காலண்டர் தாள் ஒட்டியிருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தே தின்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து சித்தி சாப்பிடாமல் எங்களையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனென்று எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா தன் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.