ஆறு மாடியும் ஒரு பால்குடமும்

தெருவிலிருந்து யாராவது கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால், எங்கள் பால்கனிக் கம்பியில் தொங்கிய சின்னப் பித்தளை மணி 'கிணிங்' என்று ஒருமுறை அடித்துவிட்டு, கம்பியில் உரசிக்கொண்டே கொஞ்ச நேரம் முனகும். பர்மாவில், கியாக்டடாப் பகுதியில் எங்கள் தெரு முழுக்க இப்படித்தான். லிப்ட் இல்லாத கட்டடங்களின் பால்கனிகளிலிருந்து விதவிதமான கயிறுகள் தொங்க, கீழே அவற்றின் கிளிப்பில் செய்தித்தாளையோ மொகிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் பொட்டலத்தையோ மாட்டினால் மேலே இருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். ஆறாவது மாடியில் இருந்த எங்கள் வீட்டுக் கயிற்றை அம்மா 'சம்பளம் கேக்காத வேலைக்காரன்' என்பாள். எனக்குப் பத்து வயதான அந்த வருடம், அந்த வேலைக்காரனை நம்பி அப்பா நடப்பதையே விட்டுவிடும் நிலை வந்தது.

மூன்று வாரத்துக்கு முன் என் மகன் நிமோனியாவிலிருந்து பிழைத்து வீட்டுக்கு வந்தான். ஆக்சிஜன் குழாயோடு அவன் கிடந்த கட்டிலின் கால்மாட்டில் நின்றபோது தொடங்கிய பயம் என்னை இன்னும் முழுதாக விடவில்லை. அன்றிலிருந்து அப்பாவின் அந்தப் பனிக்காலம்தான் நினைவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பா போட்டாதாங் துறையில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் குமாஸ்தா. மழை ஓய்ந்த ஒரு காலையில் மூட்டைகளுக்கு நடுவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். அம்மா அன்றைக்கே மஞ்சள் துணி முடிந்து, தன் புருஷன் பிழைத்தால் பங்குனித் திருவிழாவில் தன் காலால் நடந்து வந்து பால்குடம் எடுப்பார் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அப்பா பிழைத்தார். இரண்டு வாரம் ஓய்வு, அதன்பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதில் பாதிதான் அம்மாவின் காதில் விழுந்தது.

இரண்டு வாரம் மூன்று மாதமாயிற்று. பால்கனி ஓரமாகக் கட்டிலை நகர்த்திப் போட்டு, செய்தித்தாளிலிருந்து மருந்துவரை எல்லாவற்றையும் கயிற்றில் வரவழைத்தாள். அப்பா எழுந்து நின்றால் "ஏங்க, என்ன வேணும், நான் எடுத்தாரேன்" என்று ஓடி வருவாள். அவருக்குக் கால்கள் மெலிந்து வயிறு பெருத்தது, குளிக்கும் அறைவரை போய் வந்தாலே மூச்சு வாங்கியது. அந்த மூச்சைப் பார்த்து அம்மா இன்னும் பயந்து இன்னும் படுக்க வைத்தாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இந்தக் கயித்துல என்னையும் மாட்டி கீழ எறக்கிவுட ஒங்கம்மாகிட்ட கேட்டுப் பாரேன்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தை பிறந்ததும் அம்மாவுக்கு நேர்த்திக்கடன் நினைவு வந்துவிட்டது. என்னையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய், அவருக்குப் பதிலாகத் தன் தம்பி குடம் எடுக்கலாமா என்று பூசாரியிடம் கேட்டாள்.

"நேந்துக்கறப்ப யாரு காலச் சொன்ன தாயி?"

"அவரு காலத்தான்."

"அப்ப அந்தக் காலுதான் வரணும். மச்சான் காலு எதுக்கு அம்மாளுக்கு?"

டாக்டர் இருமுறை ஆள் அனுப்பிச் சொல்லியும் அசையாத அம்மா, அந்த ஒரு பேச்சுக்கு அசைந்தாள். மறுநாள் காலை அப்பாவின் செருப்பைத் துடைத்துக் கட்டிலருகே வைத்தாள்.

ஒரு மாடிக்குப் பத்தொன்பது படி. இறங்குவது பெரிய காரியமில்லை, திரும்பி ஏறுவதில்தான் எல்லாம் இருந்தது. முதல் நாள் ஐந்தாவது மாடி நடைவரை இறங்கி, ஏறி வருவதற்குள் அப்பாவின் சட்டை நனைந்துவிட்டது. முன்னால் அவர், பின்னால் சொம்புத் தண்ணீரும் விசிறியுமாக அம்மா, கடைசியில் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நான் என்று தினமும் எங்கள் ஊர்வலம் கிளம்பும். நாலாவது மாடியில் டோ கின் லே என்ற பர்மியத் தையல்காரி இருந்தார். தமிழர்களுக்கு நடுவிலேயே வாழ்ந்து எங்கள் தமிழை எங்களைவிடச் சத்தமாகப் பேசுவார். நாங்கள் ஐந்தாவது மாடியோடு திரும்புவதைக் கீழிருந்து எட்டிப் பார்த்து, அப்பாவை பர்மிய வழக்கப்படி அண்ணன் முறை வைத்து, "கோ ராமு, எங்க வூட்டு வாசல் வரைக்கும் வந்தா டீ உண்டு. மேல கொண்டாந்து குடுக்க மாட்டேன்" என்றார். அந்த டீயைக் குடிக்க அப்பாவுக்கு எட்டு நாள் ஆயிற்று. குடித்து முடித்ததும், "இவ்வளவு தண்ணி டீக்கா நான் எறங்கி வந்தேன்?" என்றார். "நாளைக்கி மூணாம் மாடிக்குப் போய்ட்டு வா, கெட்டியாப் போடறேன்."

மூன்றாவது மாடிதான் அவரை உட்கார வைத்தது. அங்கிருந்து ஏறும்போது பாதிப் படியில் முகம் வெளுத்து ஸ்டூலில் சரிந்தவர், வெகுநேரம் எழவே இல்லை. அம்மா அழுதுகொண்டே, துறைமுகத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்கிவிடலாம், அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றாள். அப்பா மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். "மூட்ட எண்ணுனவன் நான். என்னைய மூட்டையாக்கிறாத சரோஜா" என்று சொல்லிவிட்டு எழுந்து, படிக்கொரு நிமிடம் நின்று நின்று வீடு சேர்ந்தார். மறுநாள் அவர் இறங்க மாட்டார் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் அவர்தான் எங்களுக்காகக் காத்திருந்தார்.

மாசி முடிவதற்குள் தெருவைத் தொட்டார். பிறகு தெருமுனை, பிறகு ஆற்றங்கரை. கணுக்கால் வீக்கம் வற்றியது, கன்னத்தில் நிறம் வந்தது, மூன்று வேளையும் தட்டைக் காலி செய்தார். ஸ்டூல் எப்போது வீட்டிலேயே தங்கிப்போனது என்று யாருக்கும் நினைவில்லை.

பங்குனியில் ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை வெயிலில் மேளத்தோடு நடந்த கூட்டத்தில், மஞ்சள் வேட்டியும் தலையில் குடமுமாக அப்பா போனார். எங்கேயும் உட்காரவில்லை. டோ கின் லே கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "வழி வுடுங்க, இவரு என் டீ குடிச்ச ஆளு" என்று பக்கத்திலேயே வந்தார். பால் அம்மன் தலையில் இறங்கியபோது அம்மா விம்மியதில் அவளால் கைகூப்பக்கூட முடியவில்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வீடு திரும்பியபோது நடந்தது. மூன்றாவது மாடியில் அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேல்மூச்சு வாங்க நின்றுவிட்டாள். ஒரு மாடி முன்னால் போய்விட்ட அப்பா மேலிருந்து குனிந்து, "என்ன சரோஜா, ஸ்டூலு கொண்டாரச் சொல்லவா?" என்றார். அந்தப் படிக்கட்டு முழுவதும் சிரிப்பு எதிரொலித்தது. அதற்குப் பிறகு இருபது வருடத்துக்குமேல் அப்பா அந்த நூற்றுப் பதினான்கு படிகளையும் ஏறி இறங்கினார்.

இன்று அந்தக் கட்டடம் இல்லை. அதே இடத்தில் கண்ணாடி பதித்த அலுவலகமும், பொத்தானைத் தட்டினால் தூக்கிக்கொண்டு போகும் லிப்டும் இருக்கின்றன. அப்பாவும் அம்மாவும் டோ கின் லேயும் போய்விட்டார்கள். நான் அதே ஊரின் இன்னொரு பகுதியான தின்கன்ஜூனில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். தினம் அரைமணி நேரம் நடக்கட்டும் என்று டாக்டர் சொன்ன என் மகனை, பதினைந்து வயதுப் பையனை, தலையணை அடுக்கிக் கட்டிலிலேயே வைத்திருந்தேன்; பசிக்கவில்லை என்று அவன் தள்ளிய தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே திரிந்தேன். நேற்று அவன், அம்மாவைப் பர்மியப் பிள்ளைகள் கூப்பிடும் விதமாகவே, "மேமே, தண்ணி குடிக்க எந்திரிச்சாக்கூட நீங்க ஓடி வாறீங்க. நான் சாகல" என்றான்.

அம்மாவுக்காவது அவளைத் தள்ளிவிட ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. நான் என்னையேதான் தள்ள வேண்டியிருந்தது. இன்று காலை கதவைத் திறந்துவிட்டு, கூடவே இறங்கத் துடித்த கால்களை அடக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். அவன் பஸ் நிறுத்தம்வரை தனியாகப் போய், நடுவில் இரண்டு இடத்தில் நின்று, முகம் சிவக்க மேலே ஏறி வந்தான். நான் அவன் நெற்றியைத் தொடப் போனேன். அவன் என் கையை விலக்கிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே நேராகச் சமையலறைக்குப் போய்ச் சட்டியைத் திறந்தான்.

"மேமே, சோறு இவ்வளவுதானா?"