திருநீறு பட்ட வெள்ளி டொலர்

விரலில் ஒட்டும் திருநீற்றின் வாசம் இன்றும் என்னைப் பார்க்டேலில் இருந்த அந்தப் பழைய நாணயக் கடைக்குக் கூட்டிப்போகிறது: ஹீட்டரின் புழுதி மணம், மேசையில் விரித்த பச்சைத் துணி, நூலில் தொங்கும் பூதக்கண்ணாடி, தட்டுத் தட்டாகக் கறுத்துப்போன வெள்ளி டொலர்கள்.

தொண்ணூறுகளில் ஒரு சனிக்கிழமை, அம்மா துப்புரவு வேலை செய்த வீட்டுக்காரி நத்தார்ப் பண்டிகைக்குக் கொடுத்த வெள்ளி டொலரை விற்று எனக்குக் குளிர்காலச் சப்பாத்து வாங்கப் போனோம். கறுத்திருந்த காசை அம்மா, வெள்ளிக் குங்குமச் சிமிழைத் துலக்குவதுபோல, திருநீறு போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தார்.

கடைக்காரர் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கைபட்டுத் தேய்ந்தால் மேடுகள்தான் மழுங்குமாம். இதில் பள்ளங்களிலும் மயிரிழைக் கோடுகள், யாரோ துலக்கியிருக்கிறார்கள், கறுப்போடு வந்திருந்தால் நல்ல விலை, இனி வெறும் வெள்ளியின் விலைதான் என்றார். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அம்மாவின் முகம் சிவந்தது.

“சாமிக்கு முன்னால வச்ச காசு. அழுக்கோட வைக்கேலுமே? விக்கமாட்டம் எண்டு உவருக்குச் சொல்லு.”

அந்தக் குளிர்காலம் முழுக்க அண்ணாவின் பழைய சப்பாத்துக்குள் கடதாசி அடைத்துப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

கடை இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். அம்மாவும் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் அவர் விடாமல் தேய்த்ததில் காசில் பொறித்திருந்த படகு மழுங்கி, துடுப்புப் போடுபவர்களின் முகங்கள் அழிந்துவிட்டன. அந்தக் கோடுகள் எவ்வளவு விலையைத் தின்னும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்று வெள்ளிக்கிழமை. ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்க்கிறேன்.