தேங்காயெண்ணெய் உறைந்த மார்கழி

அடியார்களே, அவரது இமைகளிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

1992ஆம் ஆண்டு மார்கழி. நள்ளிரவு தாண்டியிருக்கும். வயிற்றுக்குள் குத்துகிறது என்று என் கணவர் என்னை எழுப்பினார். வாய்வாக இருக்கும் என்று மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்தேன். அந்த மடத்தனத்தில் ஒரு மணித்தியாலம் போயிற்று. பிறகு விளக்கை முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன். இரண்டு இமைகளும் பாதியில் நின்றன. மேலே தூக்கப் பார்க்கிறார். முடியவில்லை.

"இஞ்சாருங்கோ, கண்ணைத் திறவுங்கோ."

"திறந்துகொண்டுதானே இருக்கிறன்" என்றார். நாக்குக் குழறியது.

பாயை இழுத்து உதறினேன். அடியில் கிடந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளை வளையங்கள். எட்டடி விரியன். கடித்ததே தெரியாமல் கடிக்கிற சாதி. நோகாது. வீங்காது. முதலில் கண்ணை மூடும், பிறகு மூச்சை மூடும்.

குண்டுவீச்சுக்குப் பயந்து கட்டில்களை விட்டு எல்லோரும் தரையில் படுத்த காலம் அது. வானத்துக்குப் பயந்து நிலத்தில் படுத்தோம். நிலம் கடித்தது.

எங்கள் வீடு வட்டுக்கோட்டைப் பக்கம். வளவைச் சுற்றி மூன்று வீடுகள். மூன்றும் பூட்டிக் கிடந்தன. வெளிநாடு, கொழும்பு என்று சனம் போயிருந்தது. பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. காருக்குப் பெற்றோல் இல்லை. கார் வைத்திருந்தவரும் இல்லை. பாம்புக் கடிக்கு மருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில். இடையில் ஏழு மைல். என்னிடம் இருந்தது என் லேடீஸ் சைக்கிள் ஒன்றுதான்.

களவு போகும் என்று அதைக் குசினிக்குள், அடுப்படிச் சுவரோடு சாத்தி வைப்பது வழக்கம். வெளியே எடுத்தேன். அவரைக் கரியரில் இருத்தினேன். ஒரு பழைய நூல் சேலையால் அவரது இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். அவரது தாடை என் தோளில் வந்து இருந்தது. அந்தப் பாரத்தை இப்போது நினைத்தாலும் தோள் குறுகுகிறது.

"கதைச்சுக்கொண்டு வாங்கோ" என்றேன்.

"என்னத்தைக் கதைக்கிறது?"

"எதையாவது. என்னை ஏசுங்கோ."

"உம்மை ஏச இண்டைக்கு ஏலாது. நாளைக்கு" என்றார்.

மார்கழிப் பனி வேலியடைத்த ஒடுங்கிய ஒழுங்கைகளில் தொங்கியது. வாடைக்காற்று காதுக்குள் ஊசி ஏற்றியது. முதல் மைலில் சங்கிலி கழன்றது. இருட்டில் தடவித் தடவிப் பல்லில் ஏற்றினேன். இரண்டு விரல்களில் தோல் போயிற்று. கொஞ்ச தூரத்தில் டைனமோ வயர் அறுந்து வெளிச்சம் செத்தது. பரவாயில்லை, வீதி என் காலுக்குத் தெரியும் என்று மிதித்தேன். அவர் கதைப்பதை நிறுத்திவிட்டார். மூச்சு மட்டும் என் கழுத்தில் பட்டது. சூடு, பிறகு குளிர். சூடு, பிறகு குளிர். அதை எண்ணிக்கொண்டே மிதித்தேன்.

மானிப்பாய்க்கு முன்னால் வருகிற வயல்வெளியில் பெடல் இலேசாயிற்று.

பள்ளம் என்று நினைத்தேன். பள்ளமில்லை. கால் சுற்றுகிறது, சங்கிலி சுற்றுகிறது, பின்சில்லு மட்டும் சும்மா நிற்கிறது. மிதிக்க மிதிக்கக் காற்றை மிதிப்பது போல. சைக்கிள் தானாக ஓய்ந்து நின்றது. நானும் அவரும் சேலைக் கட்டோடு ஒரு பக்கமாகச் சரிந்தோம்.

கட்டை அவிழ்த்து அவரை வீதியோரத்தில் நான் போர்த்தியிருந்த போர்வை மேல் கிடத்தினேன். வாயால் எச்சில் வழிந்தது. தலையைப் பக்கமாகத் திருப்பி மடியில் வைத்தேன். விரலைக் கிள்ளினேன், அசையவில்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது, மிகச் சின்னதாக.

இங்கே உங்களுக்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் அப்போது உங்களைப் போல ஓர் அடியார் அல்லேன். 1987இல் என் தம்பியை ஷெல் தின்ற பிறகு பிள்ளையாரோடு கதைப்பதை விட்டுவிட்டேன். கோயில் மணி கேட்டால் யன்னலைச் சாத்துவேன். பத்திரிகைகளுக்கு வசன கவிதை எழுதுகிறவள், சொல்லுக்குப் பஞ்சமில்லாதவள். பிள்ளையாருக்கு மட்டும் ஐந்து வருடம் ஒரு சொல்லும் கொடுக்கவில்லை.

அந்த வெளியில் வாய் திறந்தது. கும்பிடவில்லை, ஏசினேன்.

"பிள்ளையாரே, உனக்குக் கண்ணில்லையோ? தம்பியை எடுத்தாய், பேசாமல் இருந்தன். இவரையும் எடுக்கப்போறியோ? கல்லுமாதிரி இருக்கிறதெண்டால் கல்லெண்டு சொல்லு. அப்பனெண்டு ஏன் பேர் வைச்சிருக்கிறாய்? வா. இப்ப வா. வராட்டி இனி ஒருநாளும் வராதை."

வயல் முழுக்கக் கேட்டிருக்கும். தவளைகள்கூட நின்றன. பிறகு அழுதேன். அழுகையின் அடியில்தான் அந்தச் சின்னச் சொல் இருந்தது. "காப்பாத்தப்பா" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

அப்போது இருட்டுக்குள் சங்கு ஊதியது, கூடவே சேமக்கல மணி.

 கோயிலை விட்டால் சங்கும் சேமக்கலமும் சேர்ந்து கேட்கிற இடம் எங்கள் ஊரில் செத்தவீடுதான். இவரைக் கூட்டிப்போகத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். அவரது தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டேன்.

ஒழுங்கையிலிருந்து ஒரு தீ திரும்பியது. தென்னோலைச் சூள் பிடித்துக்கொண்டு இரண்டு ஆண்கள். மார்கழிப் பூசைக்கு விடியப்புறம் மூன்று மணிக்கே வீதிவீதியாக ஊரை எழுப்பிப் போகிறவர்கள்! ஐந்து வருடம் யன்னல் சாத்தி இருந்த எனக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பதே மறந்திருந்தது.

"ஆரது? ஏன் றோட்டிலை இருக்கிறியள்?"

"என்ரை மனிசனைப் பாம்பு கடிச்சுப்போட்டுது. சைக்கிள் ஓடுதில்லை" என்று கத்தினேன்.

சேமக்கலத்தைக் கீழே வைத்தவர் மணியம்; டீசல் இல்லாமல் பஸ் நின்றுபோன ஒரு பஸ் டிரைவர். சங்குக்காரர் செல்லத்துரை, மேசன். பெயர்களைப் பிறகுதான் அறிந்தேன்.

"நான் ஓடிப்போய் என்ரை சைக்கிளைக் கொண்டாறன்" என்றார் செல்லத்துரை.

"உன்ரை சைக்கிளுக்கு முன்சில்லே இல்லையடாப்பா. அதைப் பிள்ளையாரின்ரை எலியே ஓடுறது? சூளை இஞ்சாலை பிடி."

மணியம் குந்தியிருந்து பெடலை முன்னும் பின்னும் சுற்றினார். காதை வைத்துக் கேட்டார். பின்னால் சுற்றும்போது வழக்கமாகக் கேட்கிற டிக்டிக் சத்தம் இல்லை.

"பின்சில்லு ப்ரீவீல் பல்லைப் பிடிக்குதில்லை. அக்கா, இதுக்கு என்ன எண்ணெய் விட்டனீங்கள்?"

"தேங்காயெண்ணெய். பின்னேரந்தான் விட்டனான்."

"எவ்வளவு?"

"அரைச் சிரட்டை."

"அரைச் சிரட்டையோ! சைக்கிளுக்குத் தலைமுழுக்கு வாத்திருக்கிறியள். மார்கழியிலை காலமை எண்ணெய்ப் போத்தல் வெள்ளையாய் உறைஞ்சு கிடக்கிறதைக் காணேல்லையே?"

பார்த்திருக்கிறேன். தினமும் பார்த்திருக்கிறேன். மெசின் எண்ணெய் வராத அந்த நாட்களில் எல்லோரும் இதைத்தான் விட்டோம். வெயில் காலத்தில் ஒரு குறையும் இல்லை. அடுப்படிச் சூட்டில் நின்றபோது எண்ணெயாக இருந்தது, வாடையில் மூன்று மைல் வந்ததும் உள்ளே மெழுகாகிவிட்டது. பல்லைப் பிடிக்கிற நாக்குகள் அதில் ஒட்டிக்கொண்டன. என் கையால், என் அக்கறையால் அவரைக் கொல்லப் பார்த்தேன்.

மணியம் சைக்கிளைச் சரித்தார். வயல் தண்ணீரில் துவாயை நனைத்து ரயரை மூடினார். சூளின் நுனியைச் சில்லின் நடுவே காட்டினார். கொழுப்புக் கருகுகிற மணம் எழும்பியது.

அந்த நேரம் பார்த்துத் தெற்கில் இரைச்சல்.

"ஹெலி!" என்றார் செல்லத்துரை. "சூளை அணை!"

"அணைச்சால் உருகாது. போர்வையை விரி. குனி."

தன் போர்வையைச் செல்லத்துரை விரித்துப் பிடித்தார். இரண்டு பெரிய ஆண்கள், ஒரு சைக்கிள் சில்லு, நடுவே கைப்பிடி நெருப்பு. தலைமயிர் பொசுங்கியது எனக்கு மணத்தது. இரைச்சல் எங்களுக்கு மேலே வந்தது, நின்றது போல இருந்தது, போயிற்று. அவர்கள் ஓடியிருக்கலாம். யாருடைய புருஷன், என்ன ஊர், என்ன சாதி என்று ஒன்றும் கேட்கவில்லை.

எண்ணெய் சொட்டியது. மணியம் பெடலைப் பின்னால் தட்டினார்.

டிக். டிக்டிக்டிக்.

"அண்ணையை என்ரை முதுகோடை கட்டுங்கோ" என்றார்.

"இல்லை, நான் ஓடுறன்."

"உங்கடை கால் நடுங்குது அக்கா. நான் பத்து வருஷம் பஸ் ஓடினவன். ஒருத்தரையும் வழியிலை விழ விடேல்லை."

"ரண்டு மாட்டை மட்டும் அடிச்சவன்" என்றார் செல்லத்துரை.

"அது மாட்டின்ரை பிழை."

நான் சிரிக்கவில்லை. சைக்கிளில் இருவருக்குத்தான் இடம். என் மனிதரை, இருட்டில், பெயர் தெரியாத ஒருவரோடு அனுப்ப வேண்டும். வழியில் மூச்சு நின்றால் நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். கை சேலையை விடமாட்டேன் என்றது. ஏசிக் கூப்பிட்டவள், வந்தவரை நம்பமாட்டேன் என்று நிற்கிறேனே என்று அப்போது பட்டது. கட்டினேன். மூன்று முடிச்சுப் போட்டேன். சைக்கிள் இருட்டுக்குள் போனது. கொஞ்ச நேரம் சங்கிலிச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

நானும் செல்லத்துரையும் நடந்தோம்.  இடையிடையே கோயில் தெரிந்தால் அவர் நின்று சங்கை ஊதினார். அன்றைக்கு அவர் வேலை பாதியில் நின்றுவிடக்கூடாது என்று நினைத்தாரோ, எனக்குத் துணையாகவோ தெரியாது. வாழ்க்கையில் நான் நடந்த நீண்ட நடை அதுதான். காலடிக்கு ஒன்று என்று "அப்பா, அப்பா" என்றே போனேன்.

விடிந்துகொண்டிருந்தது. வாட்டுக்குள் ஓடினேன். கட்டிலில் அவர். தொண்டையில் ஒரு குழாய். கட்டிலோரம், சேற்றுக் காலோடு, நெற்றி மயிர் பொசுங்கி, மணியம். கையில் அந்தக் குழாயோடு பொருத்திய கறுப்பு ரப்பர்ப் பை. அமத்துகிறார், விடுகிறார். மின்சாரம் இல்லாத ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு ஆள் தேவை.

"வாசலிலை இறக்கேக்கை மூச்சு நிண்டது அக்கா. பயப்பிடாதையுங்கோ. அண்ணையின்ரை மூச்சை இப்ப நான்தான் விடுறன்."

மருந்து ஏற்றினார்கள். இரண்டு இரவும் இரண்டு பகலும் அந்தப் பையைக் கை மாற்றி மாற்றி அமத்தினோம். தாதிமார், மணியம், செல்லத்துரை, நான், பக்கத்துக் கட்டில் நோயாளியின் அம்மா. அந்த அம்மாவின் மகன் பிழைக்கவில்லை. அதை எழுதாமல் விட்டால் இந்தச் சாட்சி பொய்யாகிவிடும். அவவும் கும்பிட்டவதான், என்னைவிட நன்றாகக் கும்பிட்டவ. ஏன் என்று எனக்குத் தெரியாது. மகனைக் கொண்டுபோன அன்று பின்னேரமும் வந்து என்னிடம் பையைக் கேட்டு வாங்கி அமத்தினா. அவவுக்காக நான் இன்றும் கும்பிடுகிறேன்.

மூன்றாம் நாள் விரல் அசைந்தது. ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். கரகரத்த தொண்டையால் அவர் சொன்னது:

"எனக்கு எல்லாம் கேட்டது."

"என்ன கேட்டது?"

"கண்தான் திறக்கேலாது. காது திறந்துதான் இருந்தது. சங்கு கேட்டது. சரி, செத்துப்போனன் எண்டு நினைச்சன். பிறகு பாத்தால் ரண்டுபேர் மாடடிச்சதைப் பற்றிச் சண்டை. செத்தவீட்டிலை உப்பிடிக் கதைக்க மாட்டினமே எண்டு யோசிச்சன்."

சிரித்துக்கொண்டே அழுதேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"நீர் பிள்ளையாரை ஏசினதும் கேட்டது. அம்மாடி, என்ன ஏச்சு. இவ்வளவு ஏச்சையும் கேட்டுப்போட்டு அவர் வராமல் விடமாட்டார் எண்டு எனக்குத் தெரியும்."

இது நடந்து இரண்டு வருடங்கள். யன்னலைத் திறந்துவிட்டேன். மார்கழி வந்தால் நாங்கள் இருவரும் மணியத்தோடும் செல்லத்துரையோடும் போகிறோம். என் கணவர் சேமக்கலம் அடிப்பார், தாளம் பிழைக்கும், மணியம் கிண்டலடிப்பார். தம்பியின் நினைவு வந்தால் இன்னும் பிள்ளையாரோடு வாதாடுகிறேன். ஆனால் கதைக்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாரோ ஒருவர் இன்று நடு வெளியில் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒழுங்காகக் கும்பிட வரவில்லையே என்று தயங்காதீர்கள். வருகிற சொல்லால் கூப்பிடுங்கள். அழுகையாக வந்தால் அழுகை, ஏச்சாக வந்தால் ஏச்சு. பிள்ளையாருக்கு எங்கள் பாஷை தெரியும். பதில் எந்த ஒழுங்கையால், என்ன சத்தத்தோடு வரும் என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள். வந்த கையைப் பார்த்துப் பயந்து கதவைச் சாத்திவிடாதீர்கள்.